போர் ஓவர் காபிக்கு ஸ்பூன் கணக்கு வேண்டாம், தராசு போதும்

போர் ஓவர் காபி, அதாவது வடிகட்டியில் உள்ள தூள்மேல் வெந்நீர் ஊற்றி நேரே கோப்பையில் இறக்கும் காபி, போடும்போது கோப்பையையும் அதன் மேல் வைக்கும் வடிகட்டியையும் சமையலறைத் தராசில் வைத்துவிடுங்கள். 15 கிராம் தூள் போட்டு, தராசைப் பூஜ்யமாக்கி, 240 கிராம் காட்டும்வரை வெந்நீர் ஊற்றுங்கள். தூள் ஒன்றுக்குத் தண்ணீர் பதினாறு. காபி ரொம்பக் கடுமையாக இருந்தால் அடுத்த முறை 255, சப்பென்று இருந்தால் 225.

ஸ்பூன் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது என்றால், கருக வறுத்த கொட்டை எடை குறைவு. அதே ஸ்பூனில் இளம் வறுவல் தூள் அதிக எடை நிற்கும். தண்ணீருக்கோ ஒரு மில்லி கிட்டத்தட்ட ஒரு கிராம்தான், அதனால் அளவு ஜாடியே தேவையில்லை. தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். 240 ஊற்றினால் கோப்பையில் 210 தான் இறங்கும். கோப்பை நிரம்பவில்லையே என்று மேலும் ஊற்றுவதில்தான் பலருக்கும் காபி கெடுகிறது. பெரிய கோப்பை வேண்டுமென்றால் தூளையும் கூட்டுங்கள்.

மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் வீட்டுக் கிணற்று நீரோ போர்வெல் நீரோ உப்பு கரித்தால் எந்த விகிதமும் உதவாது. காபிக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் எடுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் தூள் கட்டிதட்டும், மூடி இறுகும் டப்பா முக்கியம்.

சிக்கரி கலந்த தூளுக்கும், பாலில் கலக்கப் பித்தளை ஃபில்டரில் இறக்கும் டிகாஷனுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குத் தண்ணீர் இதைவிட மிகக் குறைவு.