சிங்கப்பூர் போகிறீர்களா? ரூபாயில் கார்டு தேய்க்காதீர்கள்

கடையில் கார்டை நீட்டியதும் மெஷின் திரையில் 'ரூபாயா, சிங்கப்பூர் டாலரா?' என்று கேட்கும். ரூபாய் நமக்குப் பழகிய கணக்கு என்பதால் கை தானாக அங்கேதான் போகும். வேண்டாம், டாலரையே தொடுங்கள். ரூபாயைத் தொட்டால், மாற்று விலையை அந்த மெஷின் தரப்பே தன் லாபத்தையும் சேர்த்துப் போட்டுவிடும். சில சமயம் கடைக்காரரே நம்மைக் கேட்காமல் ரூபாயைத் தட்டிவிடுவார். ரசீதில் ரூபாய்த் தொகை இருந்தால், கையெழுத்துப் போடாமல் ரத்து செய்து மறுபடி டாலரில் போடச் சொல்லுங்கள். தயங்கவே வேண்டாம், அது உங்கள் உரிமை.

கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை 'ஆன்' செய்யுங்கள். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகளில் அது அணைந்தே இருக்கும்.

அப்புறம், கொஞ்சம் ரொக்கம் கட்டாயம் வேண்டும். தேக்கா மார்க்கெட் மாதிரி இடங்களில் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் உள்ளூர்க்காரர்கள் க்யூஆரில் கட்டுவார்கள், நமக்குக் காசுதான் கைகொடுக்கும். எம்.ஆர்.டி. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தட்டிப் போகும் விசா, மாஸ்டர்கார்டு போதும். இரண்டாவது கார்டை மட்டும் பர்ஸில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள்.