மீன் பெட்டியில் வளரும் கற்றாழை

பரமக்குடியிலிருந்து கடலோர ஊரான மண்டபத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, சீர்வரிசையோடு ஒரு சோற்றுக்கற்றாழைத் தொட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தேன். நான்கே மாதத்தில் செத்துப்போனது. கடற்கரையில் இரண்டு சட்டி மணல் அள்ளிவந்து தொட்டியில் கலந்ததும் நான்தான். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியதும் நான்தான். பிடுங்கிப் பார்த்தால் வேர் குழைந்த சோறுபோல் கையோடு வந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் வாசல் நிலையைக் காட்டினார். திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டியிருந்த கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமலே குருத்துவிட்டு, நுனியை மேல்நோக்கி வளைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே முதலில் மண்ணைக் கவனியுங்கள். கடல் மணல் வேண்டவே வேண்டாம்; அதிலுள்ள உப்பு வேரைச் சுட்டுவிடும். செம்மண் ஒரு பங்கு, வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய ஆட்டுப்புழுக்கை கால் பங்கு. கருவேலங்கரியை உடைத்து ஒரு கைப்பிடி போடலாம்; நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்! தொட்டிக்குச் செலவு செய்யாதீர்கள். மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி போதும். உப்பும் கவிச்சியும் போகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, அடியில் ஏழெட்டுத் துளையிட்டு, ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி மண்ணை நிரப்புங்கள்.

தாய்ச்செடியின் பக்கத்தில் முளைக்கும் கன்றை வேரோடு பிரித்தெடுங்கள். வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் கிடக்கட்டும். நட்டபிறகு ஐந்து நாள் தண்ணீர் காட்டாதீர்கள். கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

பிறகு விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் குடத்தைக் கீழே வைத்துவிடுங்கள். உவர்க்கிணற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் பெட்டி ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும், மடல் நுனி கருகும். நான் காய்கறி கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். கோடையில் வாரம் ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் இங்கே எமன். அந்த இரண்டு மாதமும் பெட்டியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடுவேன்.

நிழலில் இருந்ததைத் திடீரென்று முழு வெயிலில் வைத்தால் மடல் செம்பழுப்பாகும். நோயென்று பதற வேண்டாம். அரை நிழலுக்கு மாற்றினால் பச்சை திரும்பும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்த தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

மடல் எடுப்பதென்றால் வெளிச்சுற்றில் தடித்ததை அடியோடு அறுத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் நிறுத்துங்கள். மஞ்சள் பால் சொட்டும். அதுதான் வயிற்றைக் கலக்குவது. கால் மணி நேரம் வடியவிட்டு, தோல் சீவி, சோற்றை ஏழு முறை அலசுவார் அத்தை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் உள்ளுக்குக் கொடுக்க மாட்டார்.

வேலியோரம் ஆளுயரத்துக்கு நிற்கும் ஆனைக்கற்றாழை வேறு. மடல் நுனியில் ஊசிபோல் ஒரு முள் இருக்கும். என் கொழுந்தன் அதை வெட்டிவந்து, எல்லாம் ஒன்றுதான் என்று தலையில் தேய்த்துக்கொண்டு, விடியவிடியச் சொறிந்துகொண்டிருந்தான்.