கிராபிக்ஸ் கார்டை வேறொரு கணினிக்கு மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கிராபிக்ஸ் கார்ட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணா, என்ட மெஷின் இன்டெல், இதுக்கு ஏஎம்டி கார்ட் வேலை செய்யுமா?" தாராளமாக வேலை செய்யும். ஏஎம்டியின் ரைசன் ப்ரொசெசரோடு என்விடியா கார்டும், இன்டெலின் கோர் ஐ5 ப்ரொசெசரோடு ஏஎம்டியின் ரேடியான் கார்டும் எவ்வித முரண்பாடுமின்றி இயங்கும். வாங்கிய கார்ட் வீட்டுக்கு வந்தபின் படம் காட்டாமல் இருப்பதற்குக் காரணங்கள் வேறு. கார்டைச் செருகும் ஸ்லொட், கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான பயோஸ், பவர் சப்ளை, கேசிங் ஆகிய நான்கையும் கடைக்குப் போகும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்லொட் விடயத்தில் பயம் தேவையில்லை. 2003இல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற ஸ்லொட் வகையின் எல்லாத் தலைமுறைகளும் ஒன்றோடொன்று பொருந்தும்படியே வடிவமைக்கப்பட்டவை. நான்காம் தலைமுறைக் கார்டை மூன்றாம் தலைமுறை மதர்போட்டில் (சுருக்கமாக போட்) செருகினால் அது குறைந்த வேகத்துக்கு இறங்கி வேலை செய்யும், அவ்வளவுதான். ஆனால் கார்ட் எத்தனை லேன்களை, அதாவது தரவு போய்வரும் தடங்களை, பயன்படுத்துகிறது என்பதை விலைச் சீட்டில் யாரும் எழுதுவதில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டின் பல்வரிசை நீளமாகத் தெரிந்தாலும் அதில் உயிருள்ள லேன்கள் நான்கே. நான்காம் தலைமுறை போட்டில் அவை செக்கனுக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட் கொண்டுபோகும். மூன்றாம் தலைமுறையில் அது பாதியாகிவிடும், அப்போது கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும் விளையாட்டுகளில் படம் தடுக்கித் தடுக்கி ஓடும். மூன்றாம் தலைமுறை ஸ்லொட் உள்ள பி450 போட் வைத்திருப்பவரும், ஒன்பதாம் அல்லது பத்தாம் தலைமுறை இன்டெல் ப்ரொசெசர் வைத்திருப்பவரும் இந்தக் கார்டைத் தவிர்ப்பது நல்லது. நான்காம் தலைமுறை ஸ்லொட் உள்ள பி550 போட் இருந்தால் தப்பித்தோம் என்றும் நினைத்துவிடக் கூடாது: அதில் ரைசன் 5600ஜி போன்ற, படத்தையும் தானே தரும் ப்ரொசெசர் இருந்தால், கார்டுக்குக் கிடைப்பது மூன்றாம் தலைமுறை வேகமே.

பயோஸ்தான் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது. 2012இல் விண்டோஸ் 8 வந்த காலத்துக்கு முந்திய கார்டுகள் பலவற்றில் பழைய பயோஸ் முறைக்கான நிரல் மட்டுமே உண்டு. பழைய பயோஸுக்குப் பதிலாக வந்த யுஈஎஃப்ஐ முறையில் மட்டும் தொடங்கும் போட்டுக்கு அந்தக் கார்டின் பேச்சு விளங்காது. வெள்ளவத்தையில் என் மச்சான் ஒருவர் ரைசன் 3600 ப்ரொசெசரும் பாவித்த பி450 போட்டும் வாங்கி, புதிய கார்டுக்குப் பணம் சேரும் வரை தன்னிடமிருந்த 2010ஆம் ஆண்டு ஜிடிஎக்ஸ் 460 கார்டை மாட்டினார். விசிறிகள் சுழன்றன, போட்டின் ஓரத்தில், கார்டில் சிக்கல் என்று காட்டும், விஜிஏ என்று எழுதிய சிறு விளக்கு எரிந்தபடியே நின்றது, மொனிட்டரில் ஒன்றும் வரவில்லை. 3600 தானாகப் படம் தராத ப்ரொசெசர் என்பதால் பயோஸுக்குள் நுழையவும் வழியில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஜிடி 1030 கார்ட் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தபோது, போட்டை முன்பு வைத்திருந்தவர் பழைய பயோஸ் முறையையும் ஏற்க வைக்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பை நிறுத்தி வைத்திருந்தது தெரிந்தது. அதை இயக்கியதும் பழைய கார்ட் படம் காட்டியது. பயோஸ் பற்றரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்திருந்தாலே அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பி, காரியம் முடிந்திருக்கலாம் என்ற எண்ணம் இரவல் கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் எங்களுக்கு வந்தது. அந்தத் தலைமுறைக் கார்டுகளை இயக்கும் மென்பொருளான டிரைவரை என்விடியா 2018இலேயே நிறுத்திவிட்டது என்பதையும் கணக்கில் எடுத்தால், அவ்வளவு பழைய கார்டை வைத்துக்கொள்வது தற்காலிகமாகத்தான் சரி.

இன்டெலின் ஆர்க் கார்டுகளுக்குத் தேவை இதற்கு நேர்மாறானது. அவை, கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ரொசெசர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பி வடிவமைக்கப்பட்டவை. அதை இயக்க சிஎஸ்எம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆரில் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால், சிஎஸ்எம்மை நிறுத்தியவுடன் அது தொடங்க மறுக்கும். ஆகவே முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸ் 10இல் உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்க்கை மாற்றி, அதன்பின் அமைப்பைத் தொடுங்கள்.

வங்கிகளும் அலுவலகங்களும் கழித்துவிட்ட கணினிகளை வாங்கிக் கார்ட் போட நினைப்பவர்கள் பவர் சப்ளையை முதலில் திறந்து பார்க்க வேண்டும். ஸ்லொட் தருவது 75 வொட். ஆறு பின் வயர் இன்னொரு 75 வொட், எட்டுப் பின் வயர் 150 வொட் தரும். டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 போன்றவற்றில் போட்டுக்குப் போகும் பிரதான இணைப்பு வழமையான 24 பின் அன்று, எட்டுப் பின். ஆகையால் கடையில் விற்கும் சாதாரண பவர் சப்ளையை அடப்டர் இல்லாமல் மாட்ட முடியாது. இவற்றுக்கு, தனி வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 அல்லது 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கார்டே என் தெரிவு. ஜிடிஎக்ஸ் 1650இல் ஆறு பின் கேட்கும் வகைகளும் விற்பனையில் உள்ளன, பெட்டியின் படத்தை நம்பாமல் கார்டின் விளிம்பைப் பாருங்கள். ஒல்லியான கேசிங் என்றால் அரை உயரக் கார்ட் மட்டுமே உள்ளே போகும்.

மக் ப்ரோ வைத்திருப்போருக்குச் சுருக்கமாக: 2009 முதல் 2012 வரையான மாதிரிகளில் ஆர்எக்ஸ் 580 வேலை செய்யும், ஆனால் தொடக்கத் திரை தெரியாது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு மக்ஓஎஸ்ஸின் ஹை சியரா பதிப்போடு டிரைவர் நின்றுவிட்டது. 2023ஆம் ஆண்டு மக் ப்ரோவில் ஸ்லொட்டுகள் இருந்தும் எந்தக் கிராபிக்ஸ் கார்டையும் அது ஏற்காது.

மாற்றும் நாளில், ஒரு நிறுவனத்தின் கார்டிலிருந்து மற்றதற்குப் போவதானால் விண்டோஸின் சேஃப் மோடில், டிரைவர்களை முழுதாகத் துடைக்கும் டிடியு கருவியால் பழைய டிரைவரை நீக்கிவிட்டுக் கணினியை நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்தி மிச்ச மின்னை வடியவிட்டு, கேசிங்கின் உலோகத்தைத் தொட்டபின் கார்டை எடுங்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வீடுகளில் உப்புக் காற்றுபட்டு அதன் பொன்னிறப் பற்கள் மங்கியிருப்பதுண்டு. பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் தூளைத் துடைத்தால் போதும். 'டிக்' என்ற சத்தம் கேட்கும்வரை நேராக அழுத்தி, திருகாணியை முடுக்கி, மொனிட்டர் வயரை போட்டில் அல்லாமல் கார்டிலேயே செருகுங்கள்.