புதிய போன்: இப்போதே வாங்கலாமா, காத்திருக்கலாமா?

ஜூலை, ஆகஸ்டில் ஐபோன் வாங்கக் கிளம்புகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது எனக்கு. ஆப்பிள் வழக்கமாகச் செப்டம்பரில் புதிய மாடலை அறிமுகப்படுத்துகிறது; உடனே முந்தைய மாடலின் விலை இறங்குகிறது. 2023இல் இந்தியாவில் ரூ.79,900க்கு வந்த ஐபோன் 15, அடுத்த ஆண்டு ஐபோன் 16 வந்ததும் ரூ.69,900 ஆனது. அதே போன், பத்தாயிரம் ரூபாய் குறைவு! பண்டிகைக் காலத் தள்ளுபடி விற்பனைகளும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் தொடங்குகின்றன. சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசை பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். டிசம்பரில் அதை முழு விலைக்கு வாங்காதீர்கள்.

விலை இறங்கிய பழைய மாடலை எடுப்பதற்கு முன், மென்பொருள் அப்டேட் இன்னும் எத்தனை ஆண்டுகள் வரும் என்று கட்டாயம் பாருங்கள். அந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கேலக்ஸி எஸ்24, பிக்சல் 8 ஆகியவற்றுக்கு 7 ஆண்டுகள் என்று அறிவித்திருப்பதால், தாமதமாக வாங்கினாலும் பெரிய இழப்பில்லை. விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு இந்தக் காலம் மிகக் குறைவு. யுபிஐ, வங்கிச் செயலி பயன்படுத்துகிறவர்கள் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனை நம்பக் கூடாது.

கையிலுள்ள போன் வேலையையே கெடுக்கிறதென்றால் காத்திருக்காதீர்கள், வாங்கிவிடுங்கள். சார்ஜ் நிற்காதது மட்டும்தான் குறையா? முதலில் நிறுவனத்தின் சேவை மையத்தில் பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். ஐபோனின் அமைப்புகளில் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே காட்டினால், பேட்டரியை மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம்.