உங்களை ஏற்றிச் செல்லும் விமானம் இப்போது எங்கே?

தாயகம் போகிறவர்கள் பயண நாளில், பறக்கும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் ஃபிளைட்ரேடார்24 செயலியைத் திறந்து தங்கள் விமான எண்ணைத் தேடுவார்கள். இன்னும் புறப்படாத விமானத்துக்குப் பாதை ஏது? தேட வேண்டியது அந்தப் பயணத்துக்கு ஒதுக்கப்பட்ட விமானத்தின் பதிவு எண்ணை. ஏ6 என்று தொடங்கினால் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாட்டில் பதிவானது. ஏ7 கத்தார், 4ஆர் இலங்கை, விடி (VT) இந்தியா. அந்தப் பதிவு எண்ணைத் தொட்டால் அந்த விமானம் இந்த நிமிடம் எங்கே பறக்கிறது, எத்தனை மணிக்கு உங்கள் ஊரில் இறங்கும் என்பதெல்லாம் வந்துவிடும். பெரிய விமானம் ஒன்று ஆட்களை இறக்கி, துப்புரவாகி, எரிபொருள் நிரப்பி மறுபடி கிளம்ப ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். இரவு 9 மணிப் பயணத்துக்கான விமானம் 8.30க்குத்தான் தரைதொடப் போகிறது என்றால், அறிவிப்புப் பலகை என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் கடைசி நேரத்தில் வேறு விமானத்தை மாற்றிவிடுவதும் உண்டு. அதனால் வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்ப இதைச் சாட்டாக எடுக்காதீர்கள்.

எல்லோரும் ஏறிக் கதவும் மூடிய பிறகு அசையாமல் நிற்பது வேறு கதை. லண்டன் ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். 2024-இல் அவற்றை வைத்துக்கொண்டு சுமார் எட்டு கோடி நாற்பது லட்சம் பயணிகளைக் கையாண்டார்கள். வழியிலோ சேரும் இடத்திலோ நெரிசல் என்றால், வானில் வட்டமடிக்க விடுவதைவிடத் தரையில் நிறுத்தி வைப்பதே வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு வசதி, எரிபொருளும் மிச்சம். விமானிக்குக் கொடுத்த நேரம் தவறினால் அடுத்த நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனின் கட்டுப்பாட்டுக் கணினியே நின்றுபோனது. ஒரே பெயர்க்குறியீடு கொண்ட இரண்டு இடங்கள் ஒரே பயணத் திட்டத்தில் வந்ததைக் கணினியால் பிரித்தறிய முடியவில்லை. பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் லட்சக்கணக்கானோர் சிக்கினார்கள்.

அப்படிப்பட்ட நாளில் உங்களுக்குப் பண இழப்பீடு கிடைக்காது; கட்டுப்பாட்டுக் கோளாறு விமான நிறுவனத்தின் கைமீறியது. ஆனால் பிரிட்டனிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தோ புறப்படுகிறவருக்கு உணவும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். கட்டுப்பாட்டாளர் பேச்சை இணையத்தில் நேரடியாகக் கேட்கலாமே என்று தோன்றினால், பிரிட்டனில் அது சட்டப்படி குற்றம் என்பது நினைவிருக்கட்டும்.

துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறுகிறவர்கள் எல்லாப் பயணத்தையும் ஒரே பதிவில் எடுங்கள். முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில். ஒரு மணி நேர இடைவெளியுடனும் டிக்கெட் விற்பார்கள். வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்கள் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து எடுக்கவே கூடாது என்பேன். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

யாழ்ப்பாணம் போக இப்போது இரண்டு வழிகள்: இந்தியா வழியாகப் பறந்து யாழ்ப்பாணத்தின் பலாலியிலேயே இறங்கலாம், அல்லது கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கித் தரைவழியே போகலாம். பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. பெருந்தொற்றில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது, பிறகு திருச்சியிலிருந்தும் வந்தது. ஓடுவது ஏடிஆர் ரகச் சிறு விமானங்கள். லண்டனிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளை இலவசமாகக் கொண்டுவந்தவர், சென்னையில் கூடுதல் எடைக்குப் பணம் எண்ண வேண்டியிருக்கும். தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுக்க இந்தியாவுக்குள் நுழைந்தாக வேண்டும். விசா தேவை, திரும்பும்போதும் தேவை.

கார்த்திகை, மார்கழியில் சென்னை வழி போகிறவர்கள் வானிலையையும் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். விமானிகள் படிக்கும் மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கை இணையத்தில் எவருக்கும் கிடைக்கும். சென்னையின் குறியீடு விஓஎம்எம், கட்டுநாயக்கவுக்கு விசிபிஐ, பலாலிக்கு விசிசிஜே. அறிக்கையில் டிஎஸ் (TS) என்றால் இடிமழை, எஃப்ஜி என்றால் மூடுபனி, எஃப்யு என்றால் புகை. பொங்கலுக்கு முதல்நாள் விடியலில் எஃப்யு தென்பட்டால் வியப்படைய வேண்டாம்: ஊரே பழைய பாயைக் கொளுத்தும் போகி அது. 2018-இல் அந்தப் புகையால் பல விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். போகி அன்று அதிகாலையில் சென்னையில் இறங்கும் டிக்கெட்டை நான் எடுக்கமாட்டேன்.

கட்டுநாயக்க வழி என்றால் கொழும்புக்குள் போகத் தேவையில்லை. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று வான் வண்டி நேரே வடக்கே ஏறிவிடும். ஏழெட்டு மணி நேர ஓட்டம். சாரதிக்கு இறங்கும் நேரத்தை மட்டும் சொல்லாமல் விமான எண்ணையும் அனுப்பிவிடுங்கள். விமானம் தரைதொட்டதைக் கைப்பேசியில் பார்த்த பிறகும் குடிவரவு, பெட்டி, சுங்கம் என்று ஒரு மணி நேரம் போகும். அதுவரை அவர் தூங்கட்டும், இரவு முழுவதும் வண்டி ஓட்டப்போகிறவர் அவர்தான்.