லொறிக்கு ஹெட்லைட் மாத்தப் போறீங்களா? பஞ்சிகாவத்தைக்குப் போக முதல் இதைப் பாருங்க

லைட் மங்கல் எண்டவுடன நேரா கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையளுக்குப் போய் ஒரு செட் தூக்கிட்டு வாறதுதான் எங்கட ஆக்கள்ட பழக்கம், ஆனா கனக்க லொறியில பிழை லைட்டில இல்ல, வயர்லதான். அதால கடைக்குப் போக முதல் மீட்டர் ஒண்டை எடுங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி லோ பீமை (டிம் லைட்டை) போட்டுட்டு பெட்டரியில எவ்வளவு வோல்ட் எண்டு பாருங்க, பிறகு லைட்டுக்குப் பின்னால, பிளக்கைக் கழட்டாம, லைட் எரிய எரிய அதே மாதிரி பாருங்க. ஒரு வோல்ட்டுக்குள்ள வித்தியாசம் எண்டா பரவால்ல. 24 வோல்ட் லொறியில பெட்டரியடியில 27.5 காட்டி லைட்டடியில 24.8 தான் வருது எண்டா, பத்து சதவீதம்தானே குறைஞ்சிருக்கு எண்டு விட்டுடாதீங்க, ஹாலஜன் பல்ப்ல வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடும். ஏர்த் வயர் சேசியில பூட்டியிருக்கிற இடத்தைக் கழட்டிப் பாருங்க, ஹாபர் பக்கம், ஒருகொடவத்தை யார்ட் பக்கம் நிக்கிற லொறியள்ல உப்புக் காத்துக்கு கறள் கட்டிப் போய் இருக்கும். சுரண்டி கிளீன் பண்ணி, தேவை எண்டா பெட்டரியில இருந்து நேரா லைட்டுக்கு கரண்ட் குடுக்கிற ரிலே ஒண்டையும் போட்டா லைட் வாங்கிற காசு மிச்சம்.

சரி, லைட்தான் போயிருக்கு எண்டே வைப்பம். பழைய லைட்டைக் கழட்டி கையோட கொண்டு போங்க, சேசி நம்பரையும் எழுதிக்கொண்டு போங்க. ஒரே பேர்ல வந்த லொறியிலயும் வருஷத்துக்கு வருஷம் லைட் மாறும், கடைக்காரர் இதுதான் சரி எண்டு சத்தியம் பண்ணினாலும் பின்பக்கம் பிளக்கும் பூட்டிற காதும் ஒத்து வருதா எண்டு பக்கத்தில வச்சுப் பாருங்க. பழைய லேலண்ட், டாடாவில வாற 7 இஞ்சி வட்ட லைட் எண்டா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்ல, அது பொது சைஸ்.

கனபேர் பாக்காத விஷயம் இதுதான். நாங்க ஓடுறது இடது பக்கம். லோ பீம் வெளிச்சம் இடது ஓரத்தில கொஞ்சம் மேல ஏறி, எதிர்ல வாறவன்ட பக்கம் பதிஞ்சு இருக்கோணும். ஜப்பான், இங்கிலாந்து லொறியில கழட்டின லைட் எண்டா அப்படித்தான் இருக்கும். ஜெர்மனி, ஒல்லாந்தில இருந்து வாற வொல்வோ, ஸ்கேனியா, பென்ஸ் லைட் வலது பக்கம் ஓடுற நாட்டுக்குச் செஞ்சது, அதைப் பூட்டினா எதிர்ல வாறவன்ட கண்ணுக்குள்ளதான் அடிக்கும், உங்களுக்கு ரோட்டு ஓரமும் தெரியாது. கண்டுபிடிக்கிறது லேசு. போன் டோர்ச்சை கண்ணாடியில சரிச்சுப் பிடிச்சா வட்டத்துக்குள்ள இங்கிலிஷ் ஈ (E) எழுத்தும் ஒரு நம்பரும் தெரியும், அதுக்குக் கிட்ட அம்புக்குறி இருக்கா எண்டு பாருங்க. லைட்டுக்கு முன்னால நிண்டு பாக்க உங்கட வலது கைப்பக்கம் காட்டினா அது எங்களுக்குச் சரி. ரெண்டு பக்கமும் முனை இருந்தா மாத்தி செட் பண்ணலாம். ஈ எழுத்து இருந்தும் அம்பு இல்ல எண்டா அது வலது பக்கம் ஓடுற நாட்டு லைட், கடையிலயே விட்டுட்டு வந்திடுங்க. ஜப்பான் உள்ளூர் லைட்ல ஈ அடையாளமே இல்லாமலும் இருக்கும், சந்தேகம் எண்டா கடையிலயே 24 வோல்ட் குடுத்து வெளிச்சத்தை சுவர்ல அடிச்சுப் பாருங்க. பூட்டிப் பாத்திட்டு திருப்பிக் குடுக்கலாம் எண்டு நினைக்காதீங்க, கரண்ட் சாமானை எந்தக் கடையும் லேசில திருப்பி எடுக்காது.

ரீகண்டிஷன் எண்டா வெளிக் கண்ணாடி மஞ்சளா இருக்கிறது பெரிய விஷயம் இல்ல, பொலிஷ் பண்ணலாம். உள்ளுக்கு ரிஃப்ளெக்டர்ல இருக்கிற வெள்ளிப் பூச்சு கருகியோ உரிஞ்சோ இருந்தா எவ்வளவு மலிவா தந்தாலும் வேணாம். செட்டிங் ஸ்க்ரூவை திருக்கிப் பாருங்க, லைட் அசையோணும். பின்பக்கம் ரப்பர் மூடி இல்லாட்டி முதல் மழையிலயே உள்ளுக்கு ஆவி பிடிக்கும்.

ஹை பீமும் லோ பீமும் ஒண்டிலயே வாற எச்4 (H4) பல்ப் எண்டா, 24 வோல்ட் லொறிக்கு 24 வோல்ட், 75/70 வாட். 12 வோல்ட் பல்பும் பாக்க அச்சு அசல் அப்படியே இருக்கும், போட்ட நிமிஷமே போயிடும். 100/90 வாட் போட்டு ஹோல்டரை உருக்கிற விளையாட்டு வேணாம். ஹாலஜன் லைட்டுக்குள்ள எல்இடி பல்ப் சொருகிறதும் எனக்கு பிடிக்காத வேலை, ரிஃப்ளெக்டர் செஞ்சது ஹாலஜன் பல்புக்குள்ள அந்தச் சின்ன இழை நிக்கிற இடத்துக்கு, அது கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் சிதறி மரத்திலயும் மதில்லயும் அடிக்கும். லொறிக்குப் பக்கத்தில வெளிச்சம் கூடித் தெரியும், தூரத்தில ஒண்டும் இல்ல. எல்இடிதான் வேணும் எண்டா ஈ அடையாளம் உள்ள முழு லைட்டா வாங்குங்க. நீல வெள்ளையைப் பாத்து மயங்க வேணாம், கடுகண்ணாவையில மழையும் பனியும் சேர்ந்தா அந்த வெளிச்சம் திரும்ப உங்கட முகத்துக்குத்தான் வரும்.

ஒண்டு புதுசு, ஒண்டு மங்கினது எண்டு ஓடாம சோடியா மாத்துங்க. பூட்டின பிறகு டயர் காத்தைச் சரி பார்த்து, சமதரையில சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிப்பாட்டி, லைட்டின்ட நடு உயரத்தை சுவர்ல டேப் ஒட்டிக் குறியுங்க. லோ பீம்ட மேல் விளிம்பு அதை விட 10லிருந்து 15 சென்டிமீட்டர் கீழ விழோணும். லொறியில செட்டிங் சதவீதம் ஒட்டியிருந்தா அதன்படி வைங்க, 1 சதவீதம் எண்டா 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். வெறும் லொறியில செட் பண்ணிட்டு விடாதீங்க, லோட் ஏத்தினா பின்பக்கம் அமத்தி முன்பக்கம் தூக்கும், லோட்டோட ஒருக்கா அதே சுவருக்கு முன்னால கொண்டு போய்ப் பாருங்க.