ஹோம்புஷில் முதல் வீடு: சிட்னிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், ரயில் பாதையின் இரு பக்கமும் இருக்கும் சின்னப் பகுதி ஹோம்புஷ். 1855-ல் சிட்னி–பாரமட்டா ரயில் ஓடத் தொடங்கியபோதே இங்கே ஸ்டேஷன் வந்துவிட்டது. ஈழத்தமிழர் பல காலமாகக் குடியிருக்கும் இடம் என்பதால் யாழ்ப்பாணத்துக் கறித்தூள், இடியப்ப மா, கறிவேப்பிலை எல்லாம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் கிடைக்கும். கார் வாங்கும்வரை இதைவிட வசதியான இடம் அமைவது கடினம். ஆனால் எந்தத் தெரு, எந்த ஃப்ளாட் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பம். ஹோம்புஷுக்கும் ஹோம்புஷ் வெஸ்டுக்கும் ஒரே அஞ்சல் குறியீடு, 2140. ஹோம்புஷ் வெஸ்டில் உள்ள வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் ஃப்ளெமிங்டனாக இருக்கும். ஒலிம்பிக் பார்க்கையும் பழைய பழக்கத்தில் சிலர் ஹோம்புஷ் என்பார்கள். அங்கே ரயிலில் போக லிட்கமில் வண்டி மாற வேண்டும். அதனால் விளம்பரத்தில் ஊர்ப்பெயரை மட்டும் நம்பாமல், தெருப் பெயரை வரைபடத்தில் போட்டு எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். ஹோம்புஷில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டிகள்தான் நிற்கும், விரைவு வண்டிகள் நிற்காது. வேலைக்கு விரைவாகப் போக வேண்டியவர்கள் கால் மணி நேரம் நடந்து ஸ்ட்ராத்ஃபீல்டில் ஏறுகிறார்கள். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் வீடு கிடைத்தால் விடாதீர்கள்.

ரயில் பாதைக்குத் தெற்கே தி கிரெசென்ட், ரோச்செஸ்டர் ஸ்ட்ரீட் பக்கம் கடைகளும், அதைத் தாண்டி மரநிழல் உள்ள தெருக்களில் பழைய தனி வீடுகளும் இருக்கின்றன. வடக்கே பாரமட்டா ரோடு வரைக்கும் பெரும்பாலும் ஃப்ளாட்கள்: லிஃப்ட் இல்லாத இரண்டு மூன்று மாடிச் செங்கல் கட்டடங்களும் புதிய அடுக்குமாடிகளும். பாரமட்டா ரோட்டில் இரவிலும் லாரி ஓடும். பகல் 11 மணிக்கு வீடு பார்க்கும்போது அந்தச் சத்தம் உறைக்காது. கையெழுத்துப் போடுமுன் ஒரு நாள் இரவு 9 மணிக்கு மேல் போய் அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.

வெயில் எந்தப் பக்கம் என்பதை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. இங்கே சூரியன் வடக்கு வானத்தின் வழியாகப் போகிறது. தெற்கு மட்டும் பார்த்த ஃப்ளாட்டில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயிலே விழாது. அந்த மாதங்களில் ஜன்னலைச் சாத்திச் சமைத்து, உள்ளேயே துணியும் காயப்போட்டால் அலமாரிக்குப் பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து கூடத்து ஜன்னல் வடக்கு பார்க்கிறதா என்று பாருங்கள். அலமாரியின் பின்புறத்தையும் குளியலறைக் கூரையையும் அண்ணாந்து பாருங்கள். புதுப் பெயின்ட் ஒரு மூலையில் மட்டும் பளிச்சென்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். அதை 4-ஆல் பெருக்கினால் மாதச் செலவு குறைவாகத் தெரிந்து ஏமாந்துபோவீர்கள். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். வாரம் 600 டாலர் என்றால் மாதம் 2,600. குடிபுகும்போது பாண்ட் (வீட்டைக் காலி செய்யும்போது திரும்பக் கிடைக்க வேண்டிய பிணைப்பணம்) அதிகபட்சம் 4 வார வாடகை, முன்கூட்டிய வாடகை 2 வாரம். இந்தக் கணக்கில் 3,600 டாலர் கையில் வேண்டும். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பெரும்பாலும் இருக்காது, அதற்கும் தனியாக ஒதுக்குங்கள். பாண்ட் பணம் வீட்டுக்காரரிடம் தங்கக்கூடாது, நியூ சவுத் வேல்ஸ் அரசின் ஃபேர் டிரேடிங் துறையில் கட்டப்பட வேண்டும். ஆன்லைனில் நீங்களே நேராகக் கட்டலாம். வீட்டைப் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

சாவியோடு தரும் கண்டிஷன் ரிப்போர்ட்டை (வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று குறிக்கும் படிவம்) 7 நாளுக்குள் நிரப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுப்புக்கு மேலுள்ள புகைப்போக்கியின் வடிகட்டியைக் கழற்றி உள்ளே படம் எடுங்கள். முன்பு குடியிருந்தவரின் எண்ணெய்ப் பிசுக்கு நம் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான். அறை மட்டும் பகிர்ந்து தங்குபவர்கள் ஒரு தாளிலாவது எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். லீஸிலும் (வீட்டுக்காரரோடு போட்ட வாடகை ஒப்பந்தம்) பெயர் இல்லை, எழுத்தும் இல்லை என்றால் வாடகைதாரருக்கான சட்டப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

புதிய அடுக்குமாடியில் தாளிப்பது ஒரு கலை. மிளகாய் கருகி வீட்டுக்குள் அலாரம் கத்தினால் நம் கை தானாகவே முன்கதவைத் திறக்கப் போகும். அதைச் செய்யவே கூடாது. புகை நடைபாதைக்குப் போனால் அங்குள்ள உணர்கருவி கட்டடம் முழுவதற்குமான மணியை அடிக்கவைத்து, தீயணைப்பு வண்டியையும் வரவழைத்துவிடும். இப்படி வீணாக வரும் வண்டிக்கு 1,000 டாலருக்கு மேல் கட்டணம். கட்டட நிர்வாகம் அதை உங்கள் தலையில் கட்டலாம். முன்கதவைச் சாத்தியே வைத்து, பால்கனிக் கதவைத் திறந்து, துண்டால் விசிறிப் புகையை வெளியே தள்ளுங்கள். வெங்காயம் வதக்கும் முன்பே புகைப்போக்கியைப் போட்டுவிடுவது நல்லது.

பிள்ளைகள் இருந்தால் முகவரிதான் அரசுப் பள்ளியைத் தீர்மானிக்கும். தெருவின் ஒரு பக்கம் ஒரு பள்ளிக்கும் எதிர்ப்பக்கம் வேறு பள்ளிக்கும் போவதுண்டு. லீஸ் போடுமுன் கல்வித் துறையின் தளத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஜூலை 31-க்குள் 5 வயது நிறையும் பிள்ளையை அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே சேர்க்கலாம். தற்காலிக விசாவில் சில வகைகளுக்கு அரசுப் பள்ளியிலும் கட்டணம் உண்டு, அதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோவிலுக்கு: மேஸ் ஹில் முருகன் கோவிலுக்குப் போக வெஸ்ட்மீடில் இறங்கி நடக்கலாம், பாரமட்டாவிலிருந்து பஸ்ஸும் உண்டு. ஹெலன்ஸ்பர்க் பெருமாளுக்குக் கார் இருந்தால்தான் சுகம்.

காய்கறிக்குச் சனிக்கிழமை ஃப்ளெமிங்டன் சந்தை. ஒரே ஸ்டேஷன் தள்ளித்தான் இருக்கிறது. நல்ல கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வேண்டுமென்றால் காலையிலேயே போங்கள். விலை குறைய வேண்டுமென்றால் கடை கட்டும் நேரத்துக்குப் போங்கள், பெட்டி பெட்டியாகத் தள்ளிவிடுவார்கள். நவம்பருக்கு மேல் மாம்பழத் தட்டு வரும், ஒன்று சுமார் 7 கிலோ. எல்லாம் ஒரே வாரத்தில் பழுத்துவிடும் என்பதால் பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டு வாங்குங்கள். ரயிலில் போவதானால் சக்கரம் வைத்த பையை மறக்க வேண்டாம்.